மேலாளர் அறையில் இஸ்திரி மேசைகள்

அந்த ஓட்டலின் கீழ்த்தளத்தில் துணி தேய்க்கும் அறைக்கு இருந்ததே ஒரு ஜன்னல்தான். தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் பக்கம் ஆவி வருகிறது என்று அதற்கும் வெளியிலிருந்து பலகை அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து உள்ளே இருந்த பெண்கள் வெந்துகொண்டிருந்தார்கள். கழுத்தெல்லாம் வேர்க்குரு, விடாத தலைவலி. வீட்டுக்குப் போனால் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தார்கள்.

அவர்களில் ஒருத்தியை எல்லோரும் அண்ணி என்றே அழைத்தார்கள். பக்கத்து மேசையில் தேய்த்த அவளுடைய நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த அறைக்கே அவள் அண்ணியாகிப் போனாள். பலகையைக் கழற்றச் சொல்லிக் கேட்டு அவளுக்கு நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம்.

"இஸ்திரி போடற இடம்னா சூடாத்தான்மா இருக்கும்" என்பார் மேலாளர்.

ஒரு நாள் காலை, படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே நாத்தனார் சரிந்து விழுந்தாள். தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. காலைல சாப்பிடல, அதான்."

"பொய் சொல்லாத. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான சாப்பிட்டோம்."

சத்தம் கேட்டு வந்த மேலாளர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே கால் வைக்கவில்லை. "முகம் கழுவிட்டு வேலையப் பாருங்க. மதியத்துக்குள்ள விரிப்பெல்லாம் மேல போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். எதிரில் நின்றவளிடம், "மேசைய அந்தப் பக்கம் பிடி" என்றாள். இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய் மேலாளரின் ஏசி அறைக்குள் போட்டார்கள். நாத்தனாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தாள் அண்ணி. இடம் போதாமல் ஒன்று மட்டும் பழைய அறையிலேயே நிற்க, மற்ற மேசைகளும் பின்னாலேயே வந்து சேர்ந்தன.

வெளியே போயிருந்த மேலாளர் திரும்பி வந்து திகைத்துப்போனார். "யாரக் கேட்டு இதெல்லாம்?"

"மதியத்துக்குள்ள வேணும்னீங்க. தேய்க்கிறோம்."

"எல்லாரையும் வேலைய விட்டுத் தூக்கிடுவேன்."

"தூக்குங்க. அதுக்கு முன்னாடி அந்த ரூம்ல நின்னு ஒரே ஒரு விரிப்பு தேய்ச்சுட்டு வாங்க. நாங்க வாய மூடிக்கிட்டுப் போயிடறோம்."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு இஸ்திரிப் பெட்டியையும் விரிப்பையும் வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று போனார். பாதி விரிப்புகூடத் தேறவில்லை. சட்டை முதுகோடு ஒட்ட, மூச்சு வாங்க வெளியே வந்தவர், யார் முகத்தையும் பார்க்காமல் தச்சருக்குப் போன் போட்டார்.

பலகை கழன்று காற்று உள்ளே வந்த பிறகுதான் மேசைகள் திரும்பிப் போயின.

"இப்பத் திருப்தியா?" என்றார் மேலாளர்.

"எங்க? ஆவிய வெளிய தள்ற ஃபேன் வேணும். கால் கடுத்தா உட்கார ஸ்டூல் வேணும். ஒவ்வொண்ணா கேப்போம்" என்றாள் அண்ணி. "இப்போதைக்கு ஓட்டல் வண்டிய எடுக்கச் சொல்லுங்க. இவ ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

வண்டி வந்தது. பின்வாசலுக்குத்தான் வந்தது. அண்ணி அதை விருந்தினர்கள் ஏறி இறங்கும் முன்வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள்.