இடியின் வலது கால்

என் மனைவியின் தம்பிக்கு வீட்டில் இடி என்று பெயர். டிரம்ஸ் வாசிப்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்த இடியைப் பார்த்துத்தான், அவன் குழுவில் இருந்த மூன்று பேர் முன்னால், "மாப்ள, உன் வலது கால்ல பலமே இல்ல. நீ மிதிச்சு அடிக்கிற பெரிய டிரம் அட்டைப்பெட்டியத் தட்டுற மாதிரி கேக்குது" என்று சொன்னேன். பெரிய இவன் மாதிரி ஹெட்போனைக் கழற்றி அவர்களிடம் நீட்டவும் செய்தேன். கேட்டார்கள். அடுத்த வாரமே பாட்டுப் பதிவுக்கு வேறொருவனைப் பேசிவிட்டார்கள்.

பகலில் கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்து நம்பர் சொல்வது என் வேலை. மாலையில் வீட்டின் பின்னறையில், சுவரெல்லாம் பழைய மெத்தை சாத்தி, தெரிந்தவர்களுக்குப் பாட்டுப் பதிவு செய்து கொடுப்பேன். என் காது தப்பாது என்று ஊரே நம்பியது. ஊர் என்ன ஊர், நான்தான் நம்பினேன்.

இடி நான் சொன்னதை அப்படியே நம்பினான். கணுக்காலில் மணல் பை கட்டிக்கொண்டு நாலு மாடி ஏறி இறங்கினான். இரண்டு மாதம்.

புதியவன் வந்து வாசித்தான். அதே அட்டைப்பெட்டி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? இல்லை. ப்ரீஆம்ப் பழசாகிவிட்டது, அதாவது மைக்கில் வரும் சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும் பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். புதியவன் வாசித்தால் பெட்டி கெட்டது, இடி வாசித்தால் கால் கெட்டது. என்ன நியாயம் பாருங்கள்!

பழைய பெட்டியையும் தூக்கிக்கொண்டு சவுண்டு கடைக்குப் போனேன். "டிரம்ஸுக்கு நாலு மைக்காவது வேணும். கட்டுப்படியாகற விலையில நாலு சேனல் பெட்டி நல்லதா, இல்ல நல்லதா ஒரே சேனல் வாங்கிட்டு மத்தத அப்புறம் பாத்துக்கலாமா?" என்று கடைக்காரம்மாவிடம் அளந்தேன்.

"டிரம்ஸுன்னா நாலுதான். ஆனா உங்க பழசுக்கு என்னவாம்?"

"பெரிய டிரம்முல கனமே இல்ல."

அவர் பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். "பெரிய டிரம் எதுல வருது?"

"மூணாவதுல."

"மூணாவதுல ஃபேஸ் பொத்தான் அமுங்கியிருக்கே. இது ஒலியைத் தலைகீழாத் திருப்பும். மேல இருக்கற மைக் தள்ளும்போது இது இழுக்கும், கனம் அடிபட்டுப் போகும். தனியாக் கேட்டா தெரியாது, சேத்துக் கேட்டாத்தான். ஏன் அமுக்குனீங்க?"

அமுக்கியது நான்தான். சின்ன டிரம்முக்கு அடியில் வைக்கும் மைக்கின் ஒலியை அப்படித் திருப்பித்தான் ஆக வேண்டும், அந்த மைக் அப்போது மூன்றில் இருந்தது. பிறகு முதல் சேனலில் இரைச்சல் வந்ததால் பெரிய டிரம்மை மூன்றுக்கு மாற்றினேன். பொத்தானை மறந்துவிட்டேன்.

"இத எடுத்துவிட்டாப் போதும். புதுசு எதுக்கு?" என்றார் அந்தம்மா.

"பரவால்ல, குடுங்க" என்றேன். எதற்கென்று எனக்குத்தான் தெரியும். புதுப் பெட்டி இருந்தால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாமே.

வீட்டில் மனைவி கேட்டாள்: "பழசு கெட்டுப்போச்சா? அப்போ தம்பி வாசிச்சதும் அதனாலதான் அப்படிக் கேட்டுச்சோ?"

"சேச்சே, அது வேற" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் மாலை இடி வந்தான். "என் சிம்பல் தட்டெல்லாம் எடுத்துட்டுப் போறேன் அத்தான். ஒருத்தர் விலைக்குக் கேட்டாரு, குடுத்துடலாம்னு இருக்கேன்."

"எல்லாத்தையுமா?"

"வெச்சிருந்து என்ன பண்ண?"

அவன் ஸ்டாண்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, இரண்டு மாதத்துக்கு முன் அவன் வாசித்த பதிவைக் கணினியில் திறந்தேன். தலைகீழாகப் பதிவாகியிருந்த பெரிய டிரம் தடத்தை மட்டும் நேராகத் திருப்பி, எல்லாவற்றையும் சேர்த்து ஸ்பீக்கரில் விட்டேன். நெஞ்சுக்குள் வந்து விழுந்தது ஒவ்வோர் அடியும்.

இடி கையை நிறுத்திக் கேட்டான். "புதுசா வந்தவரா? கால் சும்மா பேசுது அத்தான். அதான் அவரக் கூப்பிட்டிருக்காங்க."

"அது நீதான் மாப்ள. அன்னைக்கு வாசிச்சது."

விளையாடுகிறேன் என்று நினைத்தான். பழைய பெட்டியை எடுத்துவந்து பொத்தானைக் காட்டினேன். நான் அமுக்கியது, நான் மறந்தது, கடையில் தெரிந்த பிறகும் அவன் அக்காவிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். பேசி முடிக்கும்வரை அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கத்துவான் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னான். முழுதும் கேட்டான். "நல்லாத்தான் வாசிச்சிருக்கேன்ல?" என்றான்.

பிறகு போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினான். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்கதான் சொல்லணும்."

மறுமுனையில் குழுவின் கிடார்காரன், "சொல்லு இடி" என்றான்.

"நான் அவன் அத்தான் பேசுறேன்" என்றேன். "மூணு பேரும் இருக்கீங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க."