கடைசி வாய்தா

முப்பத்தொரு வருஷமாகக் கோவையில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். இதுவரை ஒரு நீதிபதியும் சுத்தியலால் மேஜையைத் தட்டி நான் பார்த்ததில்லை. அந்தச் சுத்தியலே இங்கே கிடையாது. டிவி சீரியலில் மட்டும் தட்டு தட்டென்று தட்டுகிறார்கள். கூண்டில் நிற்பவன் அழுகிறான், வக்கீல் அங்கியை வீசிக்கொண்டு நடக்கிறார், தீர்ப்பு சொல்லப்போகும் நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி ஆதாரத்தோடு ஓடி வருகிறாள். எங்கள் கோர்ட்டில் அப்படி ஓடி வந்தால் வாசலில் நிற்கும் போலீஸ்காரர் பையைத் திறந்து காட்டச் சொல்வார். வீட்டில் இந்தக் கண்றாவியைப் போட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மயிலாத்தாள் அந்தக் கண்றாவியை எங்கள் ஆபீசுக்கே கொண்டு வந்தார். அன்னூர்ப் பக்கம் தோட்டம். புருஷன் இல்லை. ஒரே மகள் சண்முகப்பிரியாவைச் சரவணம்பட்டியில் ஐடி கம்பெனி வேலை பார்க்கும் மிதுனுக்குக் கட்டிக் கொடுத்தார். இரண்டாவது வருஷம் அந்தப் பெண் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து செத்தாள். துணி காயப்போடும்போது வழுக்கிவிட்டது என்றான் மிதுன். அவன்தான் தள்ளினான் என்றார் மயிலாத்தாள். பெண்ணின் போன் கடைசிவரை கிடைக்கவில்லை. வழக்கு நடந்தது. அரசு வக்கீலுக்குத் துணையாக எங்கள் ஆபீஸ் வக்கீல் கிளாடிஸ் மேடம் நின்றார். மயிலாத்தாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மிதுன் ஜெயிலுக்குப் போக வேண்டும்.

நாலு வருஷம் இழுத்தது. நீதிபதி லீவு, டாக்டர் வரவில்லை, வக்கீல்கள் புறக்கணிப்பு, மறுபடி நீதிபதி மாற்றம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மயிலாத்தாள் முதல் ஆளாக வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டதும் எழுந்துகொள்வார்.

“ஏனுங்கண்ணா, இன்னைக்குக் கடைசி நாளுங்களா?”

“இல்லைங்க அம்மணி. கடைசி நாளுன்னா நானே சொல்றனுங்க.”

அப்புறம் ஏழரை மணி சீரியல் கதை. அதில் ஒரு வக்கீலம்மா நேற்று என்ன கேட்டார், வில்லன் எப்படி முழித்தான், எல்லாம் சொல்வார். அவர் சாட்சி சொன்ன அன்றுகூட நன்றாகத்தான் சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில், அழுகை இல்லை, கூச்சல் இல்லை. கெட்டிக்கார அம்மா என்று மேடமே பாராட்டினார். மிதுன் மிரட்டுவதாக மகள் சொன்னாள் என்கிறீர்களே, அதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டபோது மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நான் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

தீர்ப்பு நாளை நானே போன் பண்ணிச் சொன்னேன். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தலை குளித்து, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெம்பு. கையில் வெள்ளைக் கர்ச்சீப்பில் எதையோ சுற்றிப் பிடித்திருந்தார்.

கேஸைக் கூப்பிட்டார்கள். மிதுன் போய் நின்றான். நீதிபதி கேஸ் கட்டைப் பிரித்து, தாயின் வாய்மொழியைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் இல்லை, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்கிறேன் என்று படித்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மேலே ஃபேன் கடகடத்ததில் பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. டவாலி அடுத்த கேஸைக் கூப்பிட்டார்.

மயிலாத்தாள் அப்போதுதான் எழுந்து, நீதிபதிக்கு நேராக நிமிர்ந்து நின்றார்.

“தள்ளி நில்லுங்கம்மா” என்றார் டவாலி.

“ஏனுங்கண்ணா, ஐயா இன்னும் நம்மளக் கேக்கலைங்களே” என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

“முடிஞ்சுபோச்சுங்க அம்மணி. விட்டுட்டாங்க.”

“ஆரைங்க?”

“மிதுனை.”

கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்து வந்தேன். பின்னாலேயே மிதுன் வந்தான். எங்களைத் தாண்டித்தான் படிக்குப் போக வேண்டும். ஒரு கணம் தயங்கி, பழக்கத்தில், “வாரேனுங்க அத்தை” என்றான்.

“சரிங்க மாப்பிள்ளை, பாத்துப் போங்க” என்றார் மயிலாத்தாள். அதே பழக்கம்தான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. தன் வாயிலேயே பட் பட்டென்று அடித்துக்கொண்டார். நான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்புறம் கர்ச்சீப்பைப் பிரித்து, தன்னுடைய பழைய போனை எடுத்து என்னிடம் போட்டுக் காட்டினார். சாகிற அன்று காலையில் மகள் அவருக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்.

“அம்மா, இவரு என்னைய மாடிக்கு வரச் சொல்றாருங்கம்மா. நீயா குதிக்கறயா, நாந் தள்ளட்டுமான்னு கேக்கறாரு. எனக்குப் பயமா இருக்குதுங்கம்மா.” பின்னால் ஓர் ஆண் குரல், ஆருகிட்டப் பேசறே என்றது. சற்று முன் அத்தையிடம் விடைபெற்ற அதே குரல்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “இத்தனை நாளா இதை எதுக்குங்க மறைச்சு வெச்சீங்க?”

“ஸ்டேசன்ல குடுத்தா அவங்க பக்கம் போயிருமுங்களே. மின்னாடியே காட்டுனா அழிச்சுப்போடுவாங்க. கடைசி நாளுதான் வெளிய எடுக்கோணுமுங்க. டிவியில…”

“டிவியாம் டிவி, மண்ணாங்கட்டி. உங்க புள்ள சாவைக் கொண்டுபோய் நாடகமாக்கிப்போட்டீங்களே.” வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “மொத வாய்தாவுலயே உங்களைக் கேட்டனுங்களே. கடைசி நாளு நம்மளையும் பேச உடுவாங்களான்னு. உடுவாங்க, அதுக்குத்தானுங்க கோர்ட்டுன்னு சொன்னீங்க.”

எனக்கு அது ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். தினம் பத்துப் பேர் அப்படிக் கேட்கிறார்கள். ஆளை நகர்த்த, டீ ஆறுவதற்குள் குடிக்க, வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவதுதான் என் வழக்கம். அதை அவர் நாலு வருஷம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போலாமுங்க” என்றேன்.

“அங்கயாவது புள்ள பேசறதைக் கேப்பாங்களா?”

“தெரியலைங்க அம்மணி. இத்தனை நாளா எங்க இருந்துதுன்னு மொதல்ல கேப்பாங்க.”

அவர் போனைத் திரும்ப வாங்கி, மெதுவாகக் கர்ச்சீப்பில் சுற்றினார்.

“அப்போ நாந்தானுங்க அவன உட்டுப்போட்டேன்” என்றார்.

இல்லைங்க, நானுந்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்றேன்.