கடிதங்கள் குறைத்த வரி

எம்மெட் குடெர்னாவின் தன்மானத்துக்கு விலை, வருடத்துக்கு ஆயிரத்து நூற்று நாற்பது டாலர். நான் ஏலக்காரன், அப்பாவும் ஏலக்காரர். நெப்ராஸ்காவின் இந்த மூலையில் கன்றுக்குட்டி முதல் கல்யாண மோதிரம் வரை விலை கூவிப் பழகிய வாய் இது. இந்த ஒரு விலையை மட்டும் ஒன்பது வருடம் வெளியே விடவில்லை.

எம்மெட்டுக்கு வரி என்றால் வழிப்பறி. சலுகை என்றால் பிச்சை. மனிதன் தன் கையை ஊன்றித்தான் எழுந்திருக்க வேண்டும் என்று தீவனக் கடையில் தினமும் காப்பிக் கோப்பையோடு பேசுவார். மாதாமாதம் வரும் ஓய்வூதியத்தைப் பற்றி யாராவது இழுத்தால், அது தான் கட்டிய பணம், வட்டிகூடச் சரியாக வரவில்லை என்பார். வரி போடும் மாவட்ட அலுவலகத்தைத் திட்டி வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார். அவர் சொல்லச் சொல்ல மனைவி வெர்னா டைப் அடிப்பாள்.

டிராக்டர் பட்டறையை அவர் மூடிய வருடம் வீட்டு வரி கையைக் கடித்தது. வயதானவர்களுக்கு வரியில் தள்ளுபடி உண்டு. ஆனால் வருடாவருடம் ஜூன் முடிவதற்குள் விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும். எம்மெட் அந்தத் தாளைத் தொடமாட்டார். வீடு இருவர் பேரிலும் இருந்ததால் வெர்னா கையெழுத்துப் போட்டாள். அது பற்றிய தபாலெல்லாம் என் அலுவலகத்துக்கு வரும்படி செய்தாள். வரி எப்படிக் குறைந்தது என்று அவர் கேட்டதற்கு, உன் கடிதங்களைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்றாள். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். எம்மெட் நம்பினார். வாரம் ஒரு கடிதம் இரண்டாயிற்று.

இந்த வசந்தத்தில் வெர்னாவைப் பக்கவாதம் தள்ளியது. வலது கை விழுந்துவிட்டது. ஜூன் இருபத்தெட்டு அன்று விண்ணப்பத்தோடு, அவளைச் சேர்த்திருந்த முதியோர் இல்லத்துக்குப் போனேன். தள்ளுபடி தவறினால் முழு வரியைக் கட்ட வழியில்லை. கட்டாவிட்டால் சில வருடத்தில் வீடு போகும். அந்த வீட்டுக்குத் திரும்புவதற்காகத்தான் அவள் தினமும் கம்பியைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தாள்.

இடது கையில் பேனாவோடு அவள் தடுமாறும்போது எம்மெட் உள்ளே வந்தார், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முந்தி. தாளை எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். எத்தனை வருடமாக, லோவெல், என்று என்னைக் கேட்டார்.

"லோவெல என்ன கேக்குற? என்னக் கேளு," என்றாள் வெர்னா, வாய் ஒரு பக்கம் இழுக்க. "ஒம்பது."

"அப்ப நான் எழுதுன லெட்டரெல்லாம்?"

"நல்லாத்தான் இருந்துச்சு. தப்பெல்லாம் திருத்துனது நாந்தானே."

"என்னக் கோமாளி ஆக்கிட்ட."

"ஊருக்குத் தெரியாது, கிழவா. எனக்கு வீட்டுக்குப் போகணும். உன் கொள்கைக்குக் கூரை கிடையாது, அதுல போய்ப் படுக்க முடியாது."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் வழியே கார்களை எண்ணினேன். தான் கையெழுத்துப் போடப்போவதில்லை என்றார். நான் தாளை மடிக்கப் போனேன். தடுத்தார். அவளுடைய விழுந்துபோன வலது கையில் பேனாவைச் செருகி, அதன்மேல் தன் கையை மூடிக்கொண்டார்.

"உன் பேர நீ போடு," என்றார். "நான் சும்மா புடிச்சுக்கறேன்."

பேர் முழுவதும் வந்து முடியக் கால் மணி ஆயிற்று. அவள் சொன்ன எழுத்துக்கெல்லாம் அவர் கை மெல்ல நகர்ந்தது.

ஜூலையில் அவர் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், வாங்கியதற்கு ஈடாகப் பழைய கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தங்கள் படிவத்தில் இடமில்லை என்றாளாம் அங்கிருந்த பெண். அவர் அதைக் காதில் வாங்காமல் வெட்டினார். பிறகு ஒரு தீவன ரசீதின் பின்பக்கம் எழுதி என் மேஜையில் வைத்தார்:

ஒன்பது வருடத் தள்ளுபடி: 10,260 டாலர்.
புல் வெட்டியது, 14 மணி, மணிக்கு 15 வீதம்: 210.
மாவட்டத்துக்குப் பாக்கி: 10,050.
வெர்னாவுக்கு: தொகை தெரியவில்லை. முழுவதும் பாக்கி.