ஸ்டெப்னிக்கு ஒரு நிமிட மௌனம்

மேடையில் முன்னாள் மாணவர்களின் அந்த வருடச் சாதனைகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கப்பல் கம்பெனியில் இயக்குநர் ஆகியிருந்தாள். ஒருவன் பனிமலை ஏறியிருந்தான். இன்னொருவன் மூன்றாவது கிளையைத் திறந்திருந்தான். எதன் கிளை என்று யாரும் சொல்லவில்லை, கைதட்டினார்கள். கடைசி வரிசையில் மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன் ஒவ்வொரு கைதட்டலுக்கும் காத்திருந்து, அந்தச் சத்தத்துக்குள் இருமிக்கொண்டான்.

அவனும் இங்கே படித்தவன்தான். அப்பா இந்தப் பள்ளியின் வேன் ஓட்டினார். ஊழியர் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. வகுப்பில் அவனுக்கு ஸ்டெப்னி என்று பெயர். பந்தாட்டத்துக்கு ஆள் குறைந்தால் மட்டும் கூப்பிடுவார்கள். பள்ளி முடித்த வருடமே அப்பா ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்தார். இவன் இரும்பு வார்க்கும் பட்டறைக்குப் போனான். வார்த்து ஆறிய இரும்பில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி உதிர்க்கிற வேலை. உதிர்ந்த மணல் வருடக்கணக்கில் அவன் நெஞ்சுக்குள் குடிபுகுந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், நோயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "பிள்ளைங்க எத்தனை பேரு?" என்று கேட்டார். அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

கண்ணை மூடுவதற்குள் மகளை இந்தப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும். அவனுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். காலையில் அலுவலகத்தில் கேட்டதற்கு, கட்டணத்தைக் குறைக்கிற வழக்கமில்லை, வேண்டுமானால் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளரைப் பிடியுங்கள் என்றார்கள். செயலாளர் இவன் வகுப்புதான். பட்டப்பெயர் மைக். அன்றைக்கே மைக்கைப் பிடித்தால் விடமாட்டான். இப்போதும் அவன் கையில்தான் இருந்தது.

"அடுத்து, நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்," என்று குரலைத் தாழ்த்தினான் மைக்.

திரையில் ஒரு நரைத்த தலையும் ஒரு கண்ணாடிக்காரம்மாவும் வந்து போனார்கள். அடுத்து வந்தது, வகுப்புப் படத்திலிருந்து வெட்டியெடுத்துப் பெரிதாக்கிய ஒரு பையன் முகம். எண்ணெய் வழிய வாரிய தலை.

"அம்மா, அப்பா!" என்று மகள் கையை நீட்டினாள். மனைவி அவள் வாயைப் பொத்தினாள்.

"நாம் அன்போடு ஸ்டெப்னி என்று அழைத்த நம் தோழன், சென்ற ஆண்டு உருக்காலை வெடிவிபத்தில் நம்மைப் பிரிந்தான்."

வெடித்தது உண்மை. ஈரம் காயாத அச்சில் கொதிக்கிற இரும்பை ஊற்றினால் அப்படித்தான் வெடிக்கும். அன்றைக்கு இவன் இருமல் தாங்காமல் வீட்டில் சுருண்டு கிடந்தான். சம்பளம் போய்விடக் கூடாதென்று பக்கத்து வீட்டுக்காரன் இவன் பெயர் பொறித்த தகர அட்டையை மாட்டிக்கொண்டு இவன் ஷிஃப்டுக்குப் போனான். பட்டறையில் எல்லோரும் செய்கிறதுதான். இன்றைக்கு என் அட்டையில் நீ, நாளைக்கு உன் அட்டையில் நான். கரிந்த உடம்பில் அடையாளம் சொல்ல அட்டை மட்டும்தான் மிஞ்சியது. மறுநாள் பத்திரிகையில் இவன் பெயர். அதற்கும் மறுநாள் ஒரு மூலையில், பொடி எழுத்தில் திருத்தம். திருத்தத்தை எவன் படிக்கிறான்?

அரங்கமே எழுந்து நின்றது. இவனும் நின்றான். உட்கார்ந்திருந்தால்தானே திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு சத்தமில்லை. ஒளிந்துகொள்ளக் கைதட்டல் இல்லாத நேரம் பார்த்து இருமல் கிளம்பியது. மூச்சைப் பிடித்தான். துண்டைக் கடித்தான். கண்ணில் நீர் முட்டியது. கடைசியில் அடிவயிற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது.

"செத்தவனுக்காக ஒரு நிமிஷம் சும்மா நிக்க முடியுதா பாரு," என்றார் முன்னால் நின்ற கோட்டுக்காரர், திரும்பாமலே.

மௌனம் முடிந்ததும், இதய டாக்டராகிவிட்ட ஒருவன் மேடை ஏறினான். அவனும் அதே வகுப்பு. ஸ்டெப்னிக்கு ஒரு குழந்தை இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அது எங்கிருந்தாலும் இந்தப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை என் செலவில் படிக்கும் என்றான். அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

ஸ்டெப்னி எழப் போனான். "நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லிடறேன்."

"உக்காருங்க." ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற மனைவியின் கை, அவன் மணிக்கட்டைப் பிழிகிற மாதிரி பிடித்திருந்தது. "சொன்னா என்ன தருவாங்க? உங்களுக்கும் ஒரு தடவ கைதட்டுவாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி என்ன பண்றது?"

"நான் உசுரோட இருக்கேன்டி."

"அது எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

வெளியே வரும்போது மைக் எதிரில் வந்துவிட்டான். கையிலிருந்த பழச்சாறு சட்டையெல்லாம் கொட்டியது. இவனைப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளிக்கொண்டு போனான்.

"டேய், நீயா?"

"நான்தான்டா. வேணும்னா கிள்ளிப் பாரு."

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"என்னன்னு? நான் இன்னும் சாகலன்னா?"

மைக் நெற்றியைத் துடைத்தான். "விழா மலர் அச்சாயிடுச்சுடா. உள்ள டாக்டர் டிவிக்காரங்ககிட்டப் பேசிட்டிருக்கான். இப்பப் போயி ஆளு இருக்காருன்னா, என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிடுவான். குடுத்ததையும் வாங்கிட்டுப் போயிடுவான்."

"அப்ப எம் பொண்ணு?"

"அதத்தான்டா சொல்றேன். நீ இல்லேன்னா அவளுக்கு சீட்டு. காகிதமெல்லாம் என் பொறுப்பு. நீ மட்டும் இந்தப் பக்கம் தலைகாட்டாத."

"எது வரைக்கும் அண்ணே?" என்று மனைவி கேட்டாள்.

"பன்னெண்டாவது முடியற வரைக்கும்மா."

ஸ்டெப்னி சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலானது. துண்டில் துப்பி, சிவப்பு உள்ளே போகும்படி மடித்தான். "அவ்வளவு நாளெல்லாம் உனக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்."

மைக் ஓரடி பின்னால் நகர்ந்தான். "வீட்டுப் பக்கம் நான் வந்து பாக்கறேன்டா," என்று சொல்லிவிட்டு, விலாசம் கேட்காமலே போய்விட்டான்.

மலரில் அவனுக்கு அரைப் பக்கம் கிடைத்தது. மேற்பார்வையாளர் என்று போட்டிருந்தார்கள். சக தொழிலாளிகளைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்டானாம்.

"செத்ததும் சூப்பர்வைசர் ஆயிட்டேன். முன்னாடியே செத்திருக்கலாம்," என்று மனைவியிடம் காட்டினான்.

பாத்திரம் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி அதை எட்டிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டி, கடைசி வரி வரைக்கும் படித்தாள். "செத்தது எங்க வீட்டுக்காரரு. பேரு உங்களுக்கா?" என்றாள். சண்டைக்கு நிற்கவில்லை. வாங்க வந்த பாத்திரத்தையும் வாங்காமல் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை.

பள்ளி திறக்கும் வரை தினமும் சாயங்காலம் மனைவி மகளுக்குப் பாடம் நடத்தினாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"உங்க அப்பா எங்கம்மா?"

"செத்துட்டாங்க."

"சிரிக்காமச் சொல்லு."

"அப்பா அங்க கிச்சுகிச்சு மூட்டற மாதிரி மூச்சு விடுறாரும்மா."

"அவரப் பாக்காத. என்னயப் பாத்துச் சொல்லு."

முதல் நாள் மாலை மகள் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் அவன் பாய்க்கு ஓடிவந்தாள். புதுச் சீருடை அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"அப்பா, டீச்சர் கேட்டாங்க. நான் கரெக்டா சொல்லிட்டேன்."

"சிரிச்சியா?"

"சிரிக்கவே இல்ல. டீச்சர் எல்லாரையும் எந்திரிச்சு நிக்கச் சொன்னாங்க. கண்ண மூடிட்டு நின்னோம்."

"அப்புறம்?"

அவள் அவன் காதருகில் குனிந்தாள். பெருமையாகச் சொன்னாள்.

"ஒருத்தர்கூட இருமவே இல்லப்பா."