வெந்தயம் சேராத கூடை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பாண்டியம்மாளின் பொறாமை பிறகு வரும். முதலில் என்னுடையது.

யுத்தம் தொடங்கியதிலிருந்து மதுரையில் வெள்ளைத் தாள் கண்ணில் படுவதில்லை. கடை கடையாக ஏறி இறங்கினால், "பொட்டலம் மடிக்கவே காயிதம் இல்ல, ஒமக்குக் கத எழுதக் கேக்குதாக்கும்" என்கிறார்கள். கடைசியில் கைகொடுத்தவர் எதிர்வீட்டு இன்பசேகரன். மிஷன் பெண்கள் பள்ளியில் தமிழ் வாத்தியார். திருத்தி முடித்த பழைய பரீட்சைத் தாள்களில் ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒரு பக்கம் மாணவிகளின் விடை, மறுபக்கம் காலி. அந்தக் காலிப் பக்கத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தாளைச் சும்மா திருப்பிப் பார்த்தேன். 'மழைக்காலம்' என்ற தலைப்பில் யாரோ ஒரு பெண் எழுதிய கட்டுரை. முதல் வரியைப் படித்ததும் எனக்கு வயிறு பற்றிக்கொண்டது. இத்தனை வருஷமாகப் பேனாவைத் தேய்க்கிறேன், அப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை. வாத்தியார் பத்துக்கு மூன்று மார்க் போட்டிருந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

[அந்த வரி என்னவென்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் மிச்சக் கதையில் உங்களுக்கு மனம் ஒட்டாது.]

2

தொடக்கங்கள்:

வைகைக் கரையில் அந்தி மயங்கும் வேளையில்...

(வேண்டாம். எந்தக் கதையைத் திறந்தாலும் அந்தி மயங்கிக்கொண்டே இருக்கிறது.)

பாண்டியம்மாள் பொல்லாதவள். அவள்...

(இல்லை. பொல்லாதவளாக இருந்தால் இந்தக் கதை இரண்டே வரியில் முடிந்துவிடும்.)

பாண்டியம்மாள் இருந்த தெருவில் குப்பை என்று ஒன்று கிடையாது.

இது நிற்கட்டும். உண்மையும்கூட. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் தெருவில் சாப்பிட்ட இலை மாட்டுக்குப் போகும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கப் போகும். கிழிந்த சேலை தொட்டிலாகி, அதுவும் கிழிந்தால் கரித்துணியாகும். குப்பை வண்டி ஓட்டும் பேயாண்டி வெறும் வண்டியோடு திரும்பும்போது புலம்பிக்கொண்டே போவான்.

"என்னா தெருவோ! எம் மாட்டுக்குக் கடிக்க ஒரு சருகுகூட மிஞ்ச மாட்டேங்குதே தாயி!"

காகிதம் மட்டும் பாண்டியம்மாளுக்கு. பொட்டலத் தாள், கிழித்த காலண்டர், சினிமா நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து அவள் வீட்டில் கொண்டுவந்து போடுவார்கள். அவள் அதைத் தொட்டியில் ஊறப்போட்டு, உரலில் இடித்து, கவிழ்த்த பானையின்மேல் அந்தக் கூழை அப்பிக் காயவைத்தால் கூடை தயார். பித்தளை விலை ஏறி, தகர டின்னும் அருகிப்போன காலத்தில் தெருவே அவள் கூடையில்தான் அரிசி அளந்தது. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு எல்லா வீட்டுக் காகிதத்தையும் கலந்து ஒரு கூடை செய்துகொடுப்பது தெருவின் வழக்கம். பெண் புகுந்த வீட்டில் முதல் அரிசியை அந்தக் கூடையில்தான் அள்ளுவாள். அதைச் செய்வது எப்போதும் பாண்டியம்மாளின் கை.

அதாவது, ஆனிமேரி வரும்வரை.

3

இங்கே எனக்கு ஒரு சங்கடம். ஆனிமேரி, எனக்குத் தாள் கொடுத்த இன்பசேகரனின் மனைவி. தாளை வாங்கிக்கொண்டு அவளைக் கெட்டவளாக எழுத முடியாது. ஆனால் என் சங்கடம் அதுவும் இல்லை. அவள் நிஜமாகவே நல்லவள். கதைக்கு இதைவிடத் தொல்லை கிடையாது.

போன தை மாதம் குடிவந்தவள், வந்த வேகத்தில் பாண்டியம்மாளிடம் போய் நின்றாள்.

"யக்கா, எங்க வீட்ல பரீட்சைப் பேப்பர் மலையாக் குமிஞ்சு கெடக்கு. எரிக்க மனசில்ல. இந்தக் கூட செய்யிறத எனக்கும் சொல்லித்தாங்கக்கா."

பாண்டியம்மாள் சொல்லித்தந்தாள். எத்தனை நாள் ஊற வேண்டும், எந்தப் பதத்தில் இடிக்க வேண்டும், பானையில் ஒட்டாமலிருக்க ஈரத்துணியை எப்படிச் சுற்ற வேண்டும், எல்லாம்.

"ஒட்டுறதுக்கு என்னக்கா சேக்கணும்?"

"புளியங்கொட்டையப் பசையாக் காய்ச்சி ஊத்து. கல்லு கணக்கா நிக்கும். அம்புட்டுத்தேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. புளியங்கொட்டைப் பசை நன்றாகவே பிடிக்கும். வெந்தயத்தைச்* சொல்லவில்லை, அவ்வளவுதான்.

[*ஊறவைத்து அரைத்த வெந்தயம். பசைக்குப் பசை, கசப்புக்குக் கசப்பு. கசக்கும் கூடையைப் பூச்சி தொடாது. கோடையில் இந்த வித்தியாசம் தெரியாது. மழை இறங்கி ஈரம் ஏறினால்தான் பூச்சி கிளம்பும். அப்போது புளியங்கொட்டைக் கூடை அதற்கு விருந்து.]

வேண்டுமென்றே விட்டாளா, மறந்து விட்டாளா? முதல் பிரதியில் மறந்ததாக எழுதினேன். பாண்டியம்மாளாவது வெந்தயத்தை மறப்பதாவது! அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

4

ஆனிமேரியின் கூடைகள் வெளியே வந்தன. மெல்லிசாக, எடையே இல்லாமல், பரீட்சை மை கரைந்து இளநீலமாக. விளிம்பில் மல்லிகை மொட்டு வரைந்திருந்தாள். ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள், "ஆனிமேரி கூடயப் பாத்தியா?"

பாண்டியம்மாளும் பார்த்தாள். பார்க்கவே கூடாது என்று இருந்தவள், தயிர்ப்பிரை கேட்கிற சாக்கில் போய்ப் பார்த்தாள். யாரும் கவனிக்காதபோது தூக்கிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், அடியில் கோணல் இருக்கிறதா என்று தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தாள். கோணல் இல்லை. வீட்டுக்கு வந்து தன் கூடையைப் பார்த்தால் அது எருமைத்தொட்டி மாதிரி இருந்தது. ஆனிமேரி வீட்டு முற்றத்தில் விழும் வெயில்கூடத் தன் வீட்டு வெயிலைவிட உசத்தியோ என்று தோன்றியது. தெருக்காரர்கள் காகிதத்தை இப்போது எதிர்ச்சாரிக்குக் கொண்டுபோனார்கள். பாண்டியம்மாளின் தொட்டி காய்ந்து கிடந்தது.

"ஐப்பசி வரட்டும்" என்று சொல்லிக்கொள்வாள். அடுப்பு ஊதும்போது, கோலம் போடும்போது, படுக்கும்போது. மழையை அவ்வளவு ஆசையாக, விதைத்துவிட்டுக் காத்திருக்கும் எந்தச் சம்சாரியும் எதிர்பார்த்திருக்க மாட்டான். எல்லாக் கூடையும் பொடிப்பொடியாக உதிரும், எல்லாரும் திரும்பித் தன் வாசலுக்கு வருவார்கள், தான் நிதானமாகத் தொட்டியில் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். அந்தக் காட்சியை நினைத்து நினைத்து அவளுக்கு வாய் இனித்தது.

[எனக்கும் இனித்தது. அந்தப் பெண்ணுக்கு வாத்தியார் மூன்று மார்க் போட்டதை நினைக்கும்போது இனிப்பதுபோல.]

ஆவணியில் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் வந்தாள். அவள் மகள் அழகம்மாளுக்கு நாகமலைப் பக்கம் மாப்பிள்ளை அமைந்திருந்தது.

"மதினி, ஒங்க பெரிய பானையக் குடுங்களேன்."

"எதுக்குடி?"

"அழகுக்குக் கூட செய்யத்தேன். ஆனிமேரிகிட்டச் சொல்லிருக்கு. மொட்டெல்லாம் போட்டு அழகாச் செய்யிறால்ல? அவகிட்ட இம்புட்டுப் பெரிய பான இல்லையாம். கோவிச்சுக்கிறாதீக மதினி."

"எனக்கென்னடி கோவம்? எடுத்துக்கிட்டுப் போ. வெளக்கித்தேன் வச்சிருக்கேன்."

செல்லத்தாய் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தன் பானையின்மேல் இன்னொருத்தி கூழ் அப்பப் போகிறாள் என்ற எரிச்சலில் பாண்டியம்மாள் அடுப்பில் பொங்கிய உலையைக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பு அணைந்து புகைந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஐப்பசி மழை அழகுவின் கூடைக்கும்தான் வரும்.

அழகு தவழ்ந்தது பாண்டியம்மாளின் முற்றத்தில். அவளுக்கு முதன்முதலில் தலை பின்னிவிட்டது இவள். நாகமலையில், புது மாமியார் கண்முன்னால், அந்தப் பிள்ளை அரிசி அள்ளும்போது கூடையின் அடி பொத்துக்கொண்டு விழும். "ஒரு தெருவே சேந்து பூச்சிக்கூடயவா குடுத்துவிட்டுச்சு?" என்று அந்த அம்மாள் கேட்பாள். அழகு தலைகுனிந்து தரையில் அரிசி பொறுக்குவாள்.

பாண்டியம்மாள் ஒரு கை வெந்தயத்தை ஊறப்போட்டாள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டப் போனாள். பிறகு கொட்டவில்லை.

5

முடிவுகள்:

அ. பாண்டியம்மாள் போகிறாள். எல்லாவற்றையும் சொல்கிறாள். ஆனிமேரி கட்டிப்பிடித்து அழுகிறாள். இருவரும் ஒரே உரலில்...

(கிழித்தாயிற்று. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.)

ஆ. போகவில்லை. ஐப்பசி வருகிறது. நாகமலையிலிருந்து அழகு அழுதுகொண்டு...

(இதையும் கிழித்தேன். அந்தப் பிள்ளையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.)

இ. ஆனிமேரிக்கு வெந்தய ரகசியம் முன்னமே தெரியும்...

(இது தப்பித்துக்கொள்ளும் வழி. பாண்டியம்மாளை விட்டுவிட்டு நான் தப்பிப்பது நியாயமில்லை.)

கிழித்த தாள்களை எங்கள் தெருவில் தூக்கி எறிய முடியாது. வீட்டுக்கு வீடு காகிதம் கேட்டு வந்த செல்லத்தாய் அத்தனையையும் வாரிக்கொண்டு போனாள். அழுகை முடிவும் கட்டிப்பிடித்த முடிவும் இப்போது ஒரே கூழாக ஆனிமேரியின் தொட்டியில் இருக்கின்றன. என்னிடம் மிச்சமிருப்பது ஒரே தாள்.

6

காலை. ஆனிமேரி இன்று கூழை அப்பப் போகிறாள். பாண்டியம்மாள் அரைத்த வெந்தயத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு அந்த வாசலில் நிற்கிறாள். தட்டுவதற்குள் கதவு திறந்துவிட்டது.

"வாங்கக்கா! இப்பத்தேன் நெனச்சேன். அழகு கூடைக்கு மொதக் கை நீங்கதான் வைக்கணும். நீங்க சொல்லித்தந்த வேலதானக்கா இது? தெருவுல கேக்குறவுககிட்ட எல்லாம் ஒங்க பேரச் சொல்லித்தேன் குடுக்கேன்."

பாண்டியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அன்பினால் என்று எழுத ஆசைதான். இல்லை, பொறாமையால். இந்தப் பேச்சையும் அவளே பேசிவிட்டாளே! கொஞ்சம் கர்வமாகப் பேசியிருந்தால் வெந்தயத்தைக் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து திரும்பியிருக்கலாம். சிரட்டையைக் கொடுத்தால் இனி மழை வந்தாலும் ஒன்றும் உதிராது. ஒவ்வொரு ஐப்பசியிலும் நீலக் கூடைகள் சிரித்துக்கொண்டு நிற்கும். ஆனிமேரியிடம் இல்லாமல் தன்னிடம் இருப்பது இந்தக் கசப்பு ஒன்றுதான். அதையும் கொடுக்க வேண்டும்.

"என்னக்கா மறச்சு வச்சிருக்கீக?"

இதற்குமேல் நான் எழுதினால், அந்தப் பதிலில் பாண்டியம்மாள் இருக்க மாட்டாள், நான்தான் இருப்பேன். தாளும் முடியப் போகிறது. நான் கையில் வைத்திருப்பதும் அந்த 'மழைக்காலம்' தாள்தான். இதைக் கடைசிவரை ஒதுக்கியே வைத்திருந்தேன். அச்சகத்திலிருந்து திரும்பி வந்ததும் இதுவும் கூழாகிவிடும், அந்த வரியைப் படித்தவர்கள் உலகத்தில் நானும் வாத்தியாரும் மட்டும்தான் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சரி, சொல்லித் தொலைக்கிறேன். அந்தப் பெண் இப்படித் தொடங்கியிருந்தாள்: "மழை பெய்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் நின்றுகொண்டே தூங்குவோம்."

இனி உங்களுக்கு ஞாபகம் இருக்கப்போவது அதுதான், என் கதை இல்லை. வயிறு எரிகிறது. எரியட்டும். என்னிடம் இருந்ததை நான் கொடுத்துவிட்டேன். வாசலில் நிற்கிறவளை உள்ளே அனுப்புவதா, அப்படியே திருப்பிவிடுவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். வெயில் ஏறுகிறது, சிரட்டையில் வெந்தயம் காய்ந்துகொண்டிருக்கிறது.