முதல் வரிசையில் கேட்காத குரல்

அனுபமா பல்கலைக்கழக அரங்கின் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் நாலடி தள்ளி நின்று மைக்கில் பேசினார். குரல் பெரிதாகவே கேட்டது. ஆனால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கடைசி வரிசைகளில் சிரித்தார்கள். அவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்குப் புரிவது தனக்கு ஏன் புரியவில்லை?

சிறுவயதுக் காய்ச்சலில் அவளுக்கு இடது காது போயிருந்தது. வலது காது நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு ஜூன் மாதமும் அம்மா ஆனந்தவள்ளி ஜவுளிக்கடையில் பர்மிஷன் போட்டுவிட்டு, புது வகுப்பு டீச்சரைப் பார்த்து, "பாப்பாவை முதல் பெஞ்சுல உட்கார வைங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வருவாள். பிளஸ் டூ வரை அதுவே போதுமானதாக இருந்தது.

இவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? பாடத்துக்கு ஓர் ஆசிரியர். முதலாண்டு முழுக்க இந்த அரங்கில்தான் வகுப்பு. அவள் ஆசைப்பட்ட நிலவியல் இங்கே கிடைத்திருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில், ஸ்ரீரங்கத்துச் சிறிய கல்லூரியில் கிடைத்தது வணிகவியல். ஆனால் அங்கே வகுப்புக்கு முப்பது பேர்தான். ஆசிரியர்களுக்கு எல்லோர் பெயரும் தெரியும். சேரப்போகிறவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க, பல்கலைக்கழகத்தில் இன்றும் நாளையும் அனுமதித்திருந்தார்கள். நாளை மாலைக்குள் எந்த இடம் என்று உறுதி செய்ய வேண்டும்.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மா காத்திருந்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு சிவக்கும். சிவந்திருக்கு."

அனுபமா மூக்கைத் தடவிக்கொண்டாள்.

"வேணாம்டி. நம்ம ஊர்லயே பி.காம். படி. அங்கன்னா நான் போய்ச் சொல்லிடுவேன்."

"நாளைக்கு வேலைக்குப் போனா, மேனேஜர்கிட்டயும் வந்து முதல் பெஞ்ச் கேப்பியா?"

"கேப்பேன். எனக்கென்ன வெட்கம்."

இருவரும் ரயில்வே ஜங்ஷனுக்குக் கிளம்பினார்கள். பி.காம். படித்துவிட்டால்தான் என்ன என்று அனுபமா யோசிக்க ஆரம்பித்திருந்தாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பிளாட்பாரத்தில் ஸ்ரீரங்கம் போகும் பாசஞ்சருக்காக நின்றார்கள். அறிவிப்பு வந்தது. சத்தம் உண்டு, சொல் இல்லை. அரங்கில் கேட்டது போலவே இருந்தது. "எந்த வண்டின்னு பாரு" என்றாள் அம்மா. வண்டி விவரம் காட்டும் பலகையைத் தேடி நடந்தவள், தூணில் மாட்டியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியின் கீழே போனபோது அறிவிப்பு சட்டென்று தெளிந்தது. பத்தடி தள்ளி வந்தாள், குழம்பியது. திரும்பப் போனாள், தெளிந்தது.

"என்னடி, பாண்டி ஆடுறியா?"

அவள் பெட்டிகளை வரிசையாகப் பார்த்தாள். ஒரே சொல் எல்லாப் பெட்டியிலிருந்தும் கிளம்புகிறது. பக்கத்துப் பெட்டியின் சொல் முதலில் வருகிறது. தூரத்துப் பெட்டியின் சொல் சற்றுப் பிந்தி வந்து அதன் மேல் ஏறி விழுகிறது. இரண்டு காதும் கேட்பவர்களின் மூளை, திசையை வைத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்கும். ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது, எல்லாம் கூழாகிவிடும். ஒரு பெட்டிக்கு அருகில் போனால் அதன் சத்தம் மேலோங்கி மற்றவை அமுங்கிவிடும்.

பள்ளியில் குரல் டீச்சரின் வாயிலிருந்து வந்தது. அதனால் முதல் பெஞ்ச் சரி. அரங்கில் குரல் பக்கச் சுவர்களில் மாட்டியிருக்கும் பெட்டிகளிலிருந்து வருகிறது. முதல் வரிசை எல்லாப் பெட்டிக்கும் தூரம்.

"அம்மா, நாளைக்கு இன்னொரு தடவை போவோம்."

"கடையில லீவு தர மாட்டாங்க."

"நான் மட்டும் போறேன்."

ஆனந்தவள்ளி மகளையே பார்த்தாள். வண்டி வந்து நின்ற பிறகுதான் "மூக்கு சிவக்கல" என்றாள்.

மறுநாள் அனுபமா சீக்கிரமே போய் இடம் பிடித்தாள். பேராசிரியர் ஆற்று மணலைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இடப்பக்கம் இருந்தவள் ஏதோ கேட்டாள், அது கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வது என்றும் இன்னும் தெரியவில்லை. இருந்தாலும் மதியமே நிலவியலை உறுதி செய்துவிட்டு, அம்மாவுக்கு போன் செய்தாள்.

"எங்கடி உட்கார்ந்த?"

"ஏழாவது வரிசைம்மா. வலப்பக்கச் சுவர் ஓரம், பெட்டிக்குக் கீழ. வலது காது சுவர்ப் பக்கம் இருக்கணும். அங்க உட்கார்ந்தா கேக்குது."