மலரின் ஒருசந்தி

மெல்ரோயின் வீட்டில் இராச்சாப்பாடு பொழுது படுமுன்னரே முடிந்துவிடும். மின்குமிழைப் போடாமல், துறைமுகப் பக்கத்து யன்னலால் வரும் கடைசி வெளிச்சத்திலேயே குசினி அடுப்படி நிலத்தில் குந்தியிருந்து சாப்பிட்டு எழும்பிவிட வேண்டும். அது மெல்ரோய் போட்ட சட்டம். காஸ் சிலிண்டர் பழைய சேலைத் துண்டால் போர்த்தப்பட்டு, தொடக்கூடாத சுரூபம் போல மூலையில் நின்றது. சமையல் விறகில்தான். அரைத் தேங்காயில் மூன்றாம் பால் வரை பிழிந்து சொதி வைத்துவிட்டு, மிஞ்சிய தேங்காய்ப்பூவையும் வறுத்துச் சம்பலாக்குவாள் அவன் மனைவி மரியமலர். தேநீருக்குள் சீனி போடுவதில்லை. ஆளுக்கு ஒரு கிள்ளு உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார்கள்.

இதெல்லாம் ஆசைப்பட்டு வந்த சிக்கனம் அல்ல. மெல்ரோய் படகு எஞ்சின் திருத்துகிறவன். மண்ணெண்ணெய் விலை ஏறியதிலிருந்து படகுகள் கரை மணலில் கவிழ்ந்து கிடந்தன. ஓடாத எஞ்சின் பழுதாவதில்லை. பழுதாகாத எஞ்சினுக்கு மெல்ரோய் தேவையில்லை.

“அம்மா, நீங்களும் இருங்கோவன்” என்றாள் மூத்தவள் நிலுஷா. சின்னவள் ஜெனிதா சூடை மீனை முள்ளோடு சப்பிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒருசந்தி, பிள்ளை. மத்தியானம் சாப்பிட்டனான்தானே” என்றாள் மரியமலர், பானையை வழித்து ஜெனிதாவின் சோற்றுக் கோப்பையில் போட்டபடி.

தவக்காலம் அது. ஒரு நேரம் மட்டும் வயிறாரச் சாப்பிட்டு மற்ற நேரங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது அந்தக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மற்ற வருடங்களில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இருந்தவள் இந்த வருடம் நாள்தோறும் இருக்கிறாளே என்று மெல்ரோய் நினைத்தான். பக்தி கூடினால் நல்லதுதானே என்று அந்த நினைப்பை விட்டும் விட்டான்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. பூசை முடிந்து வந்து எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். அடுத்த நாள் பொழுது படும் நேரம் மரியமலர் மறுபடியும் அகப்பையும் கையுமாக நின்றாள்.

“தவக்காலம்தான் முடிஞ்சுதே. இன்னும் என்ன ஒருசந்தி?” என்று கேட்டான் மெல்ரோய்.

“மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறன்.”

“என்ன நேர்த்தி?”

“நேர்த்தியை வெளியில சொல்லக்கூடாதப்பா.”

அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டால் அந்த ஊரில் அது மூடிய கதவு. தட்டிப் பார்ப்பது பாவம் என்று நினைப்பார்கள். தன் தொழிலுக்காகத்தான் மாதாவிடம் கேட்கிறாள் போலும் என்று எண்ணி மெல்ரோய் மனம் நெகிழ்ந்தான். கடற்கரையில், வேலையில்லாமல் வலைக் குவியலில் குந்தியிருந்த கூட்டாளி சிவரூபனிடம் பெருமையாகவும் சொன்னான்.

“என்ர மனிசி மாதிரிச் சிக்கனக்காரியைக் காணேலாது மச்சான். முந்தி அரிசி முடியிற நாளிலயும் இப்ப அரிசிப் பானையில மிச்சம் கிடக்குது.”

“உன்ர வீட்டுப் பூனையும் ஒருசந்தியோடா? நேற்று எங்கட குசினிக்குள்ள வந்து அழுதுகொண்டு நிண்டது” என்றான் சிவரூபன். இருவரும் சிரித்தார்கள்.

அரிசி எப்படி மிஞ்சுகிறது என்று மெல்ரோய் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் விடை தெரிந்திருக்கும். தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். செய்ய அவனிடம் ஒன்றுமில்லை. ஆகவே மனம் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டது. அவளுடைய காப்பு முழங்கை வரை ஏறி இறங்கியதை அவன் கண்டான். முற்றம் கூட்டும்போது இடையில் குந்திக்கொள்வதையும் கண்டான். “வெயில்” என்றாள். “ஓம், இந்த முறை வெயில் கூடத்தான்” என்றான் அவனும்.

மத்தியானச் சாப்பாட்டைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அவன் கடற்கரையில்.

ஒரு நாள் முற்பகல், பக்கத்து வீட்டு றம்ஸியா வேலிக்கு மேலால் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சத்தமில்லாததால் உள்ளே வந்தாள். கிணற்றடியில் மரியமலர் சரிந்து கிடந்தாள். வாளி கவிழ்ந்து தண்ணீர் அவள் சட்டையை நனைத்திருந்தது. றம்ஸியா தெருவுக்கு ஓடி ஓர் ஆட்டோவை மறித்து, ஓட்டுநரோடு சேர்ந்து தூக்கிப் போட்டு, ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தாள். மெல்ரோய் செய்தி கேட்டு எண்ணெய்க் கையோடு வந்து சேர்ந்தபோது மரியமலருக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

“இவ ஒழுங்காச் சாப்பிடுறவவோ?” என்று கேட்டார் இளம் பெண் வைத்தியர்.

“நேர்த்தி, டொக்டர். ஒருசந்தி இருக்கிறவ.”

“எவ்வளவு நாளா?”

மெல்ரோய் தவக்காலத்திலிருந்து நாட்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். வைத்தியர் அவனை ஏசவில்லை. இரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, இதயமும் களைத்துப் போயிருக்கிறது, தேறுவாளா என்று இப்போது சொல்ல முடியாது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வெளியே நீண்ட மர வாங்கில் றம்ஸியா குந்தியிருந்தாள். மெல்ரோய் பக்கத்தில் வந்து நின்றான்.

“நீங்க இல்லாட்டி என்ன நடந்திருக்குமோ, அக்கா.”

“அத விடுங்க தம்பி. நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதீங்க. மலர் என்ன நோன்பு புடிக்கிற?”

“மாதாவுக்கு நேர்த்தி...”

“நாங்களும்தான் நோன்பு புடிக்கிற. பொழுது பட்டா பள்ளியில பாங்கு சொல்லும். ஒரு ஈச்சம்பழமாவது வாயில வெச்சு நோன்பு திறந்திருவம். படைச்சவன் பசியில கிடந்து சாகச் சொல்லல்ல. மலர்ட நோன்புக்குப் பாங்கு சொல்ல உங்கட வீட்டில ஒரு ஆளும் இல்லாமப் போச்சே தம்பி?”

அவள் குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் மரியமலர் கண் திறந்து அவனை அடையாளம் கண்டாள்.

“மலர், என்ன நேர்த்தி வைச்சனீ?”



“நேர்த்தி ஒண்டும் இல்லையப்பா.”

“அப்ப?”

“பானையில மூண்டு பேருக்குத்தான் காணும். நிலுஷா படிக்கிற பிள்ளை. சின்னவள் வளருற பிள்ளை. நீங்கள் எஞ்சின் தூக்குற ஆள்.” மூச்சு வாங்கியது. “மத்தியானமும் சில நாளில கஞ்சித் தண்ணிதான். சொன்னா நீங்களும் சாப்பிடாமல் கையைக் கழுவிப்போட்டு எழும்பிவிடுவீங்கள். அதுதான் மாதாவின்ர பேரைச் சொன்னனான். பொய் சொல்லிப்போட்டன். சுவாமியாரை ஒருக்கா வரச் சொல்லுங்கோ, பாவசங்கீர்த்தனம் செய்ய வேணும்.”

பட்டினி கிடந்தவள் பாவமன்னிப்புக் கேட்டாள். அவள் பங்கையும் சாப்பிட்டவன் சுவாமியாரைக் கூப்பிட எழும்பினான்.

அவனால் என்ன செய்ய முடியும்? மண்ணெண்ணெய் விலை அவன் சொல்லுக்கு இறங்காது. படகுகள் இன்னும் மணலில்தான். நாளைக்கும் பானையில் மூன்று பேருக்குத்தான் காணும். அன்று மாலை வீட்டுக்குப் போனவன், அலுமாரிக்கு மேலிருந்த மாதா சுரூபத்தின் முன் முழங்காலில் நின்றான். கேட்க ஒன்றும் தோன்றவில்லை. அழத்தான் முடிந்தது. பிறகு எழும்பிப் பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொன்னான். நிலுஷா தன் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் நிலுஷா காய்ச்சிக் கொடுத்த கஞ்சியை அவன் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனான். மரியமலரைத் தலையணையில் சாய்த்து, ஒரு கரண்டி கொடுத்தான். அவள் விழுங்கினாள். இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது கரண்டிக்கு வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

“ஏலாதப்பா. வயிறு எடுக்குதில்லை.”

உணவை ஏற்க வயிறே மறந்துபோயிருந்தது. அவளுக்காக அவன் சாப்பிட முடியாது. அவள் இழந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

“இஞ்சேருங்கோ” என்றாள் அவள். “பிள்ளைகள் சாப்பிட்டதுகளோ?”

மெல்ரோய் அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல் கண்ணை மூடினான்.

“இவ்வளவு நாளும் நீதான் எங்களைக் கேட்டனீ. உன்னை நாங்கள் ஒருக்காவும் கேக்கேல்லை. குறைக்கத்தான் வேணுமெண்டா நாலு பேரும் குறைப்பம். இருக்கிற ஒரு கோப்பைச் சோத்தை நாலாப் பிரிப்பம். ஒராளின்ர வயித்தில மிச்சம் பிடிக்கிறது சிக்கனம் இல்லை, மலர். அது களவு. நாங்கள் மூண்டு பேரும் உன்ரயைக் களவெடுத்துச் சாப்பிட்டிருக்கிறம்.”

பக்கத்துக் கட்டிலுக்கு வந்த தாதி, பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டினார். கஞ்சி முக்கால்வாசி அப்படியே கிடந்தது.

“இன்னும் ஒரு கரண்டி” என்றான் மெல்ரோய்.

அவள் அவனுக்காக வாயைத் திறந்தாள்.